அண்டா அடுப்பில் ஏறும் நாள்

என்ன வேலை பார்க்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் நான் முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்வேன். "கம்ப்யூட்டருக்குக் குறிப்பு எழுதுறாங்கள்ல, அது சரியா இருக்கான்னு பாத்து மார்க் போடுறேன்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அப்ப டீச்சரா?" என்றார்கள். இல்லை என்றேன். பாவம், ஏதோ சொல்லப் பிடிக்காத வேலை போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். என் கணவர் மட்டும், "மிசினுக்கு வேலை சொல்றவங்களுக்கே இவதான் வேலை சொல்றா" என்று போகிற இடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்கிறார். கிட்டத்தட்ட அதுதான் உண்மை.

அதற்கு முன் இருபது வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். வந்ததில் முக்கால்வாசி கல்யாணப் பத்திரிகை. அச்சகத்தை மூடியபோது, இனி யார் என்னை வேலைக்கு எடுப்பார்கள் என்று ஒரு வாரம் படுத்துக் கிடந்தேன். பிறகு மதுரை காளவாசலில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் ஐந்து பேர் நடத்தும் சாஃப்ட்வேர் கம்பெனியில் தமிழ் தெரிந்த ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். நேர்காணலில் அவர்கள் கொடுத்த கேள்வித்தாளிலேயே மூன்று தப்பைச் சுட்டிக்காட்டினேன். மறுநாளே வரச் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கம்பெனி செய்வது இதுதான். கடைகளுக்கு வரும் போனை எடுத்துத் தமிழில் பேசும் ஏஐ ஒன்றைச் செய்து தருகிறார்கள். வெறுமனே பேசினால் போதாதே, இருப்பைப் பார்க்க வேண்டும், பொருளை ஒதுக்க வேண்டும், வண்டியை அனுப்ப வேண்டும். இப்படி ஒவ்வொரு வேலைக்கும் உள்ளே ஒரு சின்ன புரோகிராம் உண்டு. அதைக் கருவி என்பார்கள். எந்தக் கருவியை எப்போது எடுக்க வேண்டும், அதற்கு என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும், எப்போது தொடவே கூடாது என்று கருவிக்கு நாலு வரி எழுதி வைத்திருப்பார்கள். ஏஐ கருவியின் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. அந்த நாலு வரியைப் படித்துவிட்டு வேலையில் இறங்கிவிடும். வரி தப்பாக இருந்தால் வேலையும் தப்பாகிவிடும். அந்த வரிகளைப் படித்து, எது குறைகிறது என்று எழுதி, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவதுதான் என் வேலை.

வரிகளை எழுதுகிறவர் ஒரு தம்பி. முப்பது வயதைத் தாண்டிய கெட்டிக்காரர். ஆனால் எழுதச் சொன்னால் தந்தி கொடுக்கிற மாதிரி எழுதுவார். "இருப்பைப் பார்க்கும்" என்று ஒரு கருவி, "இருப்பைக் காட்டும்" என்று இன்னொரு கருவி. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "ஒண்ணு கோடவுன்ல இருக்கிறதுக்கா. இன்னொண்ணு வெளிய போயிருக்கிறதையும் சேத்து." "அது எனக்கு எப்படித் தெரியும்?" "உள்ள போய்ப் பாத்தாத் தெரியுமேக்கா." எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அன்று அவருக்கு ஒரு மார்க் போட்டேன். அவரும் சளைக்கவில்லை, அந்த ஒன்றைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துத் தன் மேஜைக்கு மேலே ஒட்டி வைத்துக்கொண்டார்.

நான் சேர்ந்து நாலு மாதத்தில் மேலூர்க்காரர் வந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் கடை. சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். அண்டா, வாளி, கரண்டி, இட்லிக் கொப்பரை என்று கோடவுன் நிறைய வைத்திருக்கிறார். முந்தின வருடம் தொண்டையில் ஆபரேஷன் ஆகி, குரல் போய்விட்டது. பேசினால் காற்றுதான் வரும். பக்கத்தில் காதை வைத்தால் சொல் பிடிபடும், போனில் ஒன்றும் கேட்காது. "ஹலோ, ஹலோ, டவர் இல்ல போல" என்று வைத்துவிடுவார்கள். அவர் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். போன் வருவதெல்லாம் பகலில்தான், அவர் இருப்பதோ சத்துணவுக் கூடத்தில்.

நாங்கள் கடையைப் பார்க்கப் போன அன்று போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. மேஜையில் அது அதிர்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நின்றது. மறுபடி அடித்தது. முன்பெல்லாம் இவர் கடையில் பேசினால் பஸ் ஸ்டாண்டில் கேட்கும் என்று, பள்ளிக்கூடம் முடிந்து அப்போதுதான் வந்த அவர் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னார், சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் என்னை அருகில் கூப்பிட்டு, காதருகே காற்றாகச் சொன்னார். "ஆவணி முடியிற வரைக்கும் பாப்போம் தங்கச்சி. இந்த மிசின் பேசட்டும். ஆனா ஒண்ணு. அண்டா வராம எந்த வீட்டு விசேஷமாவது கெட்டுப் போச்சுன்னா, மறுநாளே அம்புட்டையும் எடைக்குப் போட்டுருவேன். கடை வேணாம்."

வெளியே வந்ததும் தம்பியிடம் சொன்னேன். "இவருக்கு மட்டும் ஏனோதானோன்னு எழுதிக் குடுத்தீங்க, அப்புறம் என் வாயி சும்மா இருக்காது." அவர் தலையை ஆட்டினார். வழக்கமாக இந்தக் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதுவார்கள். கடைக்காரரும் படித்துப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்பதற்காக இந்தக் கடைக்கு மட்டும் தமிழில் எழுதினோம்.

அப்போது ஆடி பிறந்திருந்தது. கல்யாணம் கிடையாது என்பதால் நிறைய நேரம் இருந்தது. அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் சோதனை. அதற்கு எனக்குக் கிடைத்த ஆள் என் கணவர். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொன்னதை அப்படியே செய்வார், சொல்லாததைச் செய்யவே மாட்டார். மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைங்க என்று சொல்லிவிட்டு ஒருநாள் குளிக்கப் போனேன். மூன்றாவது விசிலில் குக்கர் அடுப்பை அணைத்துவிட்டு, பக்கத்து அடுப்பில் பால் பொங்கி வழிந்து மேடையெல்லாம் ஓடுவதைக் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால், "பாலப் பத்தி நீ ஒண்ணும் சொல்லலையே" என்றார். இருபத்திரண்டு வருடமாக இந்தக் குணத்தை வைத்து அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். இது ஒருநாள் எனக்குச் சோறு போடும் என்று கண்டேனா.

அந்தக் கடைக்கு இருந்த ஏழு கருவிக்கும் ஏழு அட்டை எழுதித் தரையில் பரப்பினேன். அவர் ஏஐ, நான் வாடிக்கையாளர். ஒரு கையைக் காதில் போன் மாதிரி வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அண்ணே, நாளக்கழிச்சு காதுகுத்து. அண்டா ஒண்ணு, வாளி பத்து வேணும்."

அவர் ஏழு அட்டையையும் பொறுமையாகப் படித்தார். ஒரு அட்டையை எடுத்தார். "ஒதுக்கியாச்சு."

"எந்த ஊரு, எங்க எறக்கணும்னு கேக்கலையே?"

"கார்டுல கேக்கச் சொல்லலையே."

நான் பேனாவை எடுத்து எழுதுவேன். மறுநாள் புது அட்டை. "அண்டா ஒண்ணு" என்றால் எவ்வளவு பெரிய அண்டா என்று அவர் கேட்கவில்லை. மேலூர்ப் பக்கம் அண்டாவை எத்தனை படி அரிசி பொங்கலாம் என்றுதான் அளப்பார்கள், அதைச் சேர்த்தேன். இப்படி மாறி மாறி நாங்கள் சிரித்த சிரிப்பில், மேல் வீட்டு அம்மா இறங்கி வந்து ஏதாவது விசேஷமா என்று கேட்டுவிட்டுப் போனார். என் கணவர் பழைய பாக்கியெல்லாம் தீர்க்கிற மாதிரி என்னைக் கேலி செய்தார், நானும் விடவில்லை. கல்யாணம் ஆன புதிதில்கூட நாங்கள் இப்படிச் சேர்ந்து உட்கார்ந்து சிரித்ததாக ஞாபகம் இல்லை.

ஏழு கருவியில் முக்கியமானது பாத்திரம் ஒதுக்கும் கருவி. கடைசியாக அதன் குறிப்பு இப்படி வந்து நின்றது. "விசேஷத் தேதிக்குச் சமையல் பாத்திரங்களை ஒதுக்கும். தேதி, ஊர், எத்தனை படி அரிசி, இந்த மூன்றும் தெரியாமல் இதைப் பயன்படுத்தாதே. தெரியாததைக் கேட்டு வாங்கு. ஒரே தேதியில் ஒரே பாத்திரத்தை இரண்டு வீட்டுக்கு ஒதுக்காது. இருப்பு இல்லையென்றால் இல்லை என்று நேராகச் சொல்." என் கணவரை எப்படிக் குடைந்தும் தப்பு வரவில்லை. தம்பி படித்தார். மேலூர்க்காரர் இரண்டு முறை படித்துத் தலையாட்டினார். நான் பத்துக்குப் பத்து போட்டேன். அதுவரை யாருக்கும் போடாத பத்து. தம்பி அந்த ஒன்றைக் கிழித்துவிட்டுப் பத்தை ஒட்டிக்கொண்டார்.

ஆவணி பிறந்தது. ஏஐ போனை எடுக்கத் தொடங்கியது. முதல் வாரம் நான் மேலூரே கதி என்று கிடந்தேன். தான் கடையின் ஏஐ என்று அது முதலிலேயே சொல்லிவிடும், இருந்தாலும் சனங்கள் அதனிடம் உறவு கொண்டாடினார்கள். ஒரு பெரியவர் ஜமக்காளம் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டு, "நீ எந்த ஊருப் பிள்ள, இம்புட்டுப் பொறுமையாப் பேசுற?" என்றார். அது மறுபடியும் தான் ஏஐ என்றது. "எதா இருந்தா என்ன, நல்லா இரு" என்று வாழ்த்திவிட்டு வைத்தார். கடைக்காரர் தொடையில் தட்டிக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தார். போன் அடித்தால் அவர் முகம் சுருங்குவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நான் மதுரைக்குத் திரும்பி வேறு கடையின் குறிப்புகளைத் திருத்த ஆரம்பித்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை. மணி பதினொன்று இருக்கும். கடைக்காரரிடமிருந்து செல்லுக்குச் செய்தி வந்தது. "அண்டா இல்லை. வாங்க." அவ்வளவுதான்.

தம்பி கணினியில் பார்த்தார். கடைக்காரரிடம் இருபது படி அண்டா இரண்டுதான் உண்டு. அந்த இரண்டும் வியாழக்கிழமை கல்யாணத்துக்கு, மேலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு ஒதுக்கியிருந்தது. அதே இரண்டும் வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்கு, கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு ஊருக்கு ஒதுக்கியிருந்தது. "வேற வேற தேதிதானக்கா, சரியாத்தான இருக்கு?" என்றார் தம்பி.

எனக்கு அந்த இடத்திலேயே உச்சந்தலை சூடானது. வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம் என்றால் வியாழக்கிழமை மத்தியானமே அண்டா வந்து இறங்க வேண்டும். சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, அதற்குச் சமையல் நாலு மணிக்கே தொடங்கிவிடும். இது எங்கள் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது? கடைக்காரர் இத்தனை வருடமும் வெள்ளிக்கிழமைக் கல்யாணத்துக்குக் காலண்டரில் வியாழனைச் சுழித்துத்தான் வைத்திருக்கிறார், ஏன் என்று யோசித்ததே இல்லை. நான் இருபது வருடம் பத்திரிகை பத்திரிகையாகப் பிழை திருத்தியவள். "முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு" என்ற வரியை எத்தனை ஆயிரம் முறை படித்திருப்பேன்! என் கணவரோ கல்யாண வீடுகளுக்குச் சாமான் ஏற்றியே பிழைப்பவர். எங்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதால் எங்களில் ஒருவர் கண்ணுக்கும் அந்தக் குறை தெரியவில்லை. தெரியாத ஒரே ஆள் அந்த ஏஐ. அதற்குச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டுவிட்டுப் பத்துக்குப் பத்து போட்டிருக்கிறேன்.

என் கணவருக்கு ஒரு குட்டியானை வண்டி உண்டு. லோடு இறக்கிவிட்டு அருகில்தான் இருந்தார். "மேலூருக்கு இப்பவே" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. அந்தக் குணத்துக்கு அன்று கையெடுத்துக் கும்பிட்டேன். மாட்டுத்தாவணி தாண்டி ஒத்தக்கடை வரும் வரைக்கும் எனக்கு ஒரே நினைப்புதான். ஒரு வீட்டுக் கல்யாணம் என்னால் கெட்டு, ஒருவர் கடையும் என்னால் போகப் போகிறது.

கடை வாசலில் டிராக்டர் நின்றது. கல்யாணப் பெண்ணின் சித்தப்பா கொட்டாம்பட்டியிலிருந்து அண்டா ஏற்ற வந்து ஒன்றரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். "நாளைக்குக் கல்யாணத்த வச்சுக்கிட்டு இங்க ஒக்காந்துருக்கேன். சாயங்காலம் ஐநூறு பேரு வாராக. நான் ஊருக்குள்ள என்னன்னு சொல்லட்டும்?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். முகூர்த்த நாள் என்பதால் அக்கம்பக்கம் எந்தக் கடையிலும் பெரிய அண்டா கிடையாது, கேட்டுப் பார்த்தாயிற்று. கடைக்காரர் கோடவுன் சாவியை மேஜைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இன்னைக்குக் கல்யாணத்துல முகூர்த்தம் எத்தனை மணிக்கு?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

ஒன்பது என்று விரலைக் காட்டினார். காட்டியவர் சட்டென்று எழுந்தார். என் காதில் சொன்னார், "சோத்த வடிச்சுப் பாயில கொட்டிருப்பாக. அண்டா சும்மாத்தான் இருக்கும். வாங்க."

சோறு வெந்ததும் வடித்துப் பாயில் குவித்து, மேலே வேட்டியைப் போட்டு மூடிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பந்திக்கு அந்தக் குவியலில் இருந்துதான் அள்ளுவார்கள். அண்டாவுக்கு அதற்கப்புறம் வேலை இல்லை. டிராக்டரைக் கடையிலேயே விட்டுவிட்டு, என் கணவரும் கடைக்காரரும் முன்னால் உட்கார, நானும் சித்தப்பாவும் வண்டியின் பின்னால் நின்றுகொண்டு போனோம். சித்தப்பா வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார், ஆனால் வண்டி குலுங்கும்போதெல்லாம், "பாத்தும்மா, கம்பியப் புடிச்சுக்க" என்பார். பிறகு மறுபடி திட்டுவார்.

கல்யாண வீட்டில் இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தது. ஒரு அண்டா காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. இன்னொன்றில் கடைசி ஈடு கொதித்துக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் பெண்ணின் அம்மா பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்துவிட்டார். "நாளைக்குக் கல்யாணமா? அடி ஆத்தி, அவுக என்னா பாடு படுவாக!" என்று கூவினார். நாலு பெண்கள் தேங்காய் நாரும் சாம்பலுமாகக் காலி அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்தார்கள். இரண்டாவது அண்டா இறங்க அரைமணி ஆகும் என்றார் சமையல்காரர். "அதுவரைக்கும் என்னா நிக்கிறீக, எலையில ஒக்காருங்க. சாப்பிடாம அண்டாவத் தொட விடமாட்டோம்" என்று மாப்பிள்ளை வீட்டார் மறித்துக்கொண்டார்கள். கோபத்தோடு வந்த சித்தப்பா மூன்று முறை பாயசம் வாங்கிக் குடித்தார். சாப்பிட்டு எழுந்தபோது அவரும் அந்த வீட்டுப் பெரியவரும் ஒரே ஊரில் பெண் எடுத்தவர்கள் என்று தெரிந்து, ஒருவரையொருவர் "மாப்ள" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

அண்டா இரண்டையும் வண்டியில் ஏற்றியபோது அந்த அம்மா ஓடி வந்து நிறுத்தச் சொன்னார். "கல்யாண வீட்டுல இருந்து கல்யாண வீட்டுக்குப் போகுது. வெறுங்கையாவா அனுப்புறது?" ஒரு அண்டாவில் ஒரு சீப்பு பழமும் வெற்றிலை பாக்கும், இன்னொன்றில் ஒரு தேங்காயும் மஞ்சளும் வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் கணவர் பார்த்துவிட்டு, "சாம்பல் புகையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நாலு மணிக்குள் சித்தப்பாவின் ஊர் எல்லையைத் தொட்டோம். அடுப்பு மூட்டித் தயாராக இருந்தது. அண்டாவுக்குள் இருந்த மஞ்சளைப் பார்த்ததும் அங்கே பெண்ணின் அம்மா அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யார் கொடுத்தது என்று கேட்டு, அந்த வீட்டு விலாசத்தையும் வாங்கிக்கொண்டார். சித்தப்பா கடைக்காரர் தோளில் கை போட்டு, "ஒண்ணும் கெட்டுப் போகலண்ணே. நல்ல வேளை" என்றார்.

திரும்பி வந்து கடையில் இறக்கிவிட்டபோது நான் கடைக்காரரிடம், "தப்பு என்னோடதுண்ணே" என்றேன். அவர் கையை இலேசாக அசைத்தார். போ என்றா, பரவாயில்லை என்றா, எனக்குப் புரியவில்லை.

மறுநாள் அந்தக் குறிப்பின் பத்தை அடித்து இரண்டு போட்டேன். "இரண்டு எதுக்குக்கா?" என்றார் தம்பி. "எழுத்துப் பிழை இல்லாததுக்கு." அன்று எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை மேலூருக்குப் போனோம். அவர் ஒரு தாளில் தானே எழுதி வைத்திருந்தார். "கல்யாணம் என்னைக்குன்னு கேக்காத. அண்டா என்னைக்கு அடுப்புல ஏறணும்னு கேளு." நாங்கள் ஆடி மாதம் முழுக்கத் தேடிய வரி அதுதான். கடை என்ன ஆகும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தம்பிதான் கேட்டார். "ஆவணி இன்னும் முடியலையே" என்றார் அவர்.

தம்பி கருவியையே மாற்றினார். ஒரு தேதி கேட்ட இடத்தில் இரண்டு கேட்டது. நான் குறிப்பை மாற்றினேன். முதல் அண்டா எந்த நாள், எந்த நேரம் அடுப்பில் ஏறும் என்று கேள். கடைசிப் பந்தி எப்போது முடியும் என்று கேள். நடுவில் அந்தப் பாத்திரத்தை வேறு யாருக்கும் தராதே. கழுவித் திரும்பி வர ஓர் இரவைச் சேர்த்துக்கொள். ஆனால் யாரை வைத்துச் சோதிப்பது? இந்த ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் சொல்லாததையும் தானே நிரப்பிக்கொள்வார்கள். எங்கள் ஆபீசுக்குக் கீழே வடக்கிலிருந்து வந்த ஒருவர் பானிபூரிக் கடை போட்டிருக்கிறார். தமிழ் நன்றாகப் பேசுவார், நம் ஊர்க் கல்யாணம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அவரை உட்கார வைத்துப் பழைய குறிப்பை முதலில் படித்துக் காட்டினேன்.

"அக்கா, எங்க ஊர்ல கல்யாணம் ராத்திரிதான் நடக்கும். முடியுறப்ப விடிஞ்சிரும். நான் எந்தத் தேதிய சொல்லணும்?" என்றார்.

பத்தே நிமிடத்தில் பிடித்துவிட்டார். பிறகு புதுக் குறிப்பைப் படித்தேன். இதில் சந்தேகம் இல்லை என்றார். அன்றிலிருந்து எங்கள் கம்பெனியில் எந்தக் குறிப்பானாலும் முதலில் அவரிடம் போய்வந்துதான் எனக்கு வரும். அதற்குக் கூலியாகத் தினம் சாயங்காலம் நாங்கள் ஆறு பேரும் அவர் கடையில்தான் சாப்பிடுகிறோம். என் கணவருக்கு இதில் கொஞ்சம் பொறாமை. "எம் வேலைய அவனுக்குக் குடுத்துட்டியே" என்று முறைத்துக்கொள்கிறார்.

ஆவணியின் கடைசி முகூர்த்தங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்தன. ஒருநாள் நான் மேலூர்க் கடையில் இருந்தபோது போன் வந்தது. ஸ்பீக்கரில் கேட்டோம். கூப்பிட்டவர் கல்யாணத் தேதியைச் சொன்னதும் ஏஐ, "சரிங்க, அண்டா எப்ப அடுப்புல ஏறணும்?" என்று கேட்டது. "ஆத்தாடி, வெவரமான ஆளா இருக்கே! மொத நாளு மூணு மணிக்கெல்லாம் ஏறணும் தாயி" என்றார் அவர். அந்த நாளில் பெரிய அண்டா இரண்டும் வேறு வீட்டில் இருக்கும், பத்துப் படி அண்டா நாலு தரட்டுமா என்று கேட்டு, அவர் சம்மதித்த பிறகே ஒதுக்கியது. எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. கடைக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் கோடவுன் பக்கம் பார்த்து ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆவணி முடிந்த மறுநாள் அவரிடமிருந்து செய்தி. "சனிக்கிழமை உங்க வீட்டுக்காரர் வண்டி வேணும். பெரிய சாமான். நீங்களும் வாங்க."

பெரிய சாமான் என்றால் வேறென்ன, கோடவுனில் இருப்பதுதான். எடைக்குப் போட முடிவு செய்துவிட்டார். ஒரு கல்யாணமும் கெடவில்லை என்றாலும், அந்த வியாழக்கிழமை சாவியை மேஜையில் வைத்தாரே, அப்போதே மனசு விட்டிருக்கும். என் கணவர் வழி முழுக்க என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். "அவரு எடைக்குப் போட்டா நான் ஏத்த மாட்டேன்" என்று மேலூர் எல்லையில் திடீரென்று சொன்னார். சொன்னதைச் செய்கிற மனிதர், முதல்முறையாகச் செய்ய மாட்டேன் என்கிறார்.

கடைக்காரரும் மனைவியும் வாசலில் நின்றார்கள். வண்டி நின்றதும் கோடவுனைத் திறக்கப் போகிறார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் வண்டிக் கதவைத் திறந்து என்னை நகரச் சொல்லி ஏறி உட்கார்ந்தார். மனைவி பின்னால் ஏறிக்கொண்டார். அவர் கையை மதுரைப் பக்கம் நீட்டினார்.

"எங்கண்ணே?" என்றார் என் கணவர்.

அவர் என் கணவரின் காதருகே குனிந்து சொன்னதை நானும் கேட்டேன். "அண்டா வாங்கணும் மாப்ள. இருபது படியில ரெண்டு. இருக்கிறது பத்தல."

நான் அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். என் கணவர் ஹாரனை மூன்று முறை அடித்தார். எதற்கு என்று அவருக்கே தெரியாது.

பாத்திரக் கடையில் மேலூர்க்காரர் ஒவ்வொரு அண்டாவையும் தட்டித் தட்டிப் பார்த்து இரண்டை எடுத்தார். வாசலில் பெயர் வெட்டுகிறவர் உளியும் சுத்தியுமாகக் காத்திருந்தார். வழக்கமாக மேலூர்க்காரர் பாத்திரங்களில் ஊர்ப்பெயரும் அவர் தலைப்பெழுத்தும் மட்டும்தான் இருக்கும். இந்த முறை அதற்குக் கீழே போன் நம்பரையும் வெட்டச் சொன்னார். ஒரு தாளில் நம்பரை எழுதினார். எழுதியதை வெட்டுகிறவரிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டி, "நீ ஒருக்கா பாத்துச் சொல்லு தங்கச்சி. வெட்டுனா அழிக்க முடியாது" என்றார்.

பத்து எண். ஒவ்வொன்றிலும் விரலை வைத்துப் படித்தேன். பிறகு என் செல்லிலிருந்து அந்த நம்பரை அழைத்தேன். இரண்டாவது மணியில் ஏஐ எடுத்து, மேலூர்ப் பாத்திரக் கடை ஏஐ பேசுறேன், சொல்லுங்க என்றது. சரியாக இருக்கிறது, வெட்டுங்கள் என்றேன்.